சீனன்குடாவில் இன்னும் தீ அணையவில்லை

மகாராஜராஜஸ்ரீ, திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கண்ணாடிச் சுவர்களோடு பிரகாசித்து நிற்கும் வாகனப் பராமரிப்பு நிலையத்தின் முகாமையாளர் அவர்களின் சமூகத்துக்கு, பழைய கார் ஒன்றின் உரிமையாளன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விஞ்ஞாபனம்.

காருக்குள் எண்ணெய் கருகும் மணம் வருகிறதென்று நான் சமர்ப்பித்த முறைப்பாட்டைத் தாங்கள் பரிசீலித்து, முன்கண்ணாடியருகே மல்லிகை வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அதையும் விலைச்சிட்டையில் "மணத்துக்கான பரிகாரம்" என்று பதிந்து பணம் பெற்றுக்கொண்ட சாதுரியத்தை நினைக்குந்தோறும் என் நா தழுதழுக்கிறது. மல்லிகையும் கருகலும் கலந்து மணப்பதாக நான் மீண்டும் வந்து முறையிட்டபோது, காத்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், "ஐயா, திருகோணமலையில எண்ணெய் மணக்காமல் வேறென்ன மணக்கும்? இது சீனன்குடாக் காத்து. மூக்கை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று திருவாய் மலர்ந்தருளினீர்கள். சபை சிரித்தது.

தங்கள் வாக்கின் ஆழம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று பற்றியெரிந்தது சரித்திரம். அந்தத் தீ அணைந்துவிட்டதென்றே பாமரர்களாகிய நாங்கள் நம்பியிருந்தோம். அது அணையாமல் என் காரின் பொனட்டுக்குள் குடிபுகுந்திருப்பதைக் கண்டுபிடித்த கீர்த்தி தங்கள் நிலையத்தையே சாரும். 2022இல் எஞ்சிய 99 தாங்கிகளை, லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கு 61 என்று கவனமாகப் பங்கிட்டவர்கள், எரிந்த தாங்கியின் மணத்தை மட்டும் யார் பேருக்கும் எழுதாமல் விட்டார்கள். அது அடியேன் பங்குக்கு வந்திருக்கிறது.

ஆயினும் சிற்றறிவுக்குச் சில ஐயங்கள். சீனன்குடாவின் மணம் உட்துறைமுகத்தைக் கடந்து நகரத்துக்கு வரவேண்டுமானால் கச்சான் வீசவேண்டும். கடலிலிருந்து வாடை வீசும் மார்கழியிலும் என் கார் மணக்கிறதே, எவ்வாறு? ஹபரணை வரைக்கும் நகுமோ என்னைத் துரத்தி வருவதேன்? வண்டி ஓடுகையில் ஒதுங்கியிருந்து, எஞ்சின் சூடேறியபின் சந்தியில் நிறுத்தும் கணத்தில் மாத்திரம், கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்றுத் துவாரத்தால் உள்ளே நுழையும் பழக்கத்தை அந்தச் சரித்திரப் பிரசித்தி பெற்ற தீ எங்கே கற்றது?

தாங்களோ இரண்டு சாட்சியங்களை முன்வைத்தீர்கள்: நிலத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை, வாகனம் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்திருக்கிறது. கந்தளாய் வீதியில் பொனட்டின் ஓரத்தால் புகை எழுந்தபோது பின் ஆசனத்தில் என் பேத்தி இருந்தாள். அவள் இருமினாள். எண்ணெய் தீப்பற்றக்கூடிய சூடு எஞ்சினின் புகைக் குழாயில் உண்டென்பது உங்களுக்குத் தெரியாதா? பொனட்டைத் திறந்தீர்களா? ஒரு டோர்ச் அடித்துப் பார்த்தீர்களா? பிள்ளை புகையைக் குடிக்கிறாள், நீங்கள் எனக்கு மல்லிகை விற்கிறீர்கள்.

க்ஷமிக்க வேண்டும். வாசனையின் மயக்கத்தில் மரியாதை சற்றே நழுவிவிட்டது.

பிற்பாடு அநுராதபுரச் சந்திப் பக்கம், தகரக் கூரையின்கீழ் தொழில் செய்யும் முதிய பாஸ் ஒருவரிடம் போனேன். சரித்திர ஞானம் சிறிதும் இல்லாத அம்மனிதர் என் மூக்கைப் பற்றி எதுவும் கேளாமல் எஞ்சினைக் கழுவித் துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு, டோர்ச்சோடு குனிந்தார். "இஞ்ச பாருங்கோ ஐயா, டப்பட் கவர் பக்கிங் போட்டுது. எண்ணெய் வழிஞ்சு சூட்டுக் குழாயில விழுகுது. நிலத்துக்கு வரமுந்தியே எரிஞ்சு போகுது, பிறகெங்க சொட்டுறது?" என்றார். புகைப் பரிசோதனை பின்குழாயால் வருவதை மட்டுமே அளக்கிறது. எஞ்சினுக்கு வெளியே கருகும் எண்ணெயைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பக்கிங்கைக் கழற்றினார், சூட்டில் காய்ந்து, அப்பளம்போல் ஒடிந்தது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சிறிய பீசீவி வால்வைக் கழற்றிக் குலுக்கினார். சத்தமில்லை, கரி அடைத்திருந்தது. போகவழியற்ற அமுக்கம் எண்ணெயைப் பக்கிங்கின் ஓரத்தால் தள்ளுமென்றும், இதை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றினால் மறுபடியும் கசியுமென்றும் சொல்லி, இரண்டையும் மாற்றினார். எண்பது வருஷத்துக்கு மேலாக எரிந்த தீ, ஒரு ரப்பர் வளையத்துக்கும் விரலளவு வால்வுக்கும் அடங்கிப்போயிற்று. நகுமோ கப்பலேறியிருக்க வேண்டும். அன்றுமுதல் வண்டி மணக்கவில்லை.

2020 மார்ச் முதல் தனியார் கார்களின் இறக்குமதி ஐந்து வருஷமளவாகத் தடைப்பட்டிருந்த இந்நாட்டில், பழைய வண்டியைக் கட்டிக் காப்பதன்றி எம்மனோர்க்கு வேறு கதியில்லை என்பதைப் பேரறிவாளராகிய தாங்கள் அறிவீர்கள். ஆகையால் ஒரேயொரு விண்ணப்பம். மல்லிகையின் விலையைத் திருப்பித் தரவேண்டாம். தங்கள் விலைச்சிட்டையில் "பொனட் திறந்து பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்து, அதன்கீழ் பார்த்தவர் கையொப்பமிட இடம் விடுங்கள். கையொப்பம் இல்லாத சிட்டைக்கு இனி நான் காசு கட்டமாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் நிலையத்தின் பாதுகாப்பில் இன்னும் தீப்பற்றாத வாடிக்கையாளன்.