ஒட்டடைக்கம்பின் எதிரி

சிங்கப்பூரில் சிலந்தியைப் படமெடுப்பவரைப் பறவையைப் படமெடுப்பவரிடமிருந்து பிரித்தறிவது எளிது. பறவைக்காரர் நிமிர்ந்து நிற்பார். கையில் முழங்கை நீள லென்ஸ் இருக்கும். பக்கத்தில் அதே நீள லென்ஸோடு இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். சிலந்திக்காரர் தனியாள். முழங்காலை மடித்து ஒரு செடிக்குள் தலையை விட்டிருப்பார். அவருடைய ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ ஒட்டப்பட்டிருக்கும். உற்றுப் பார்த்தால், அது தீபாவளிக்கு முறுக்கு வந்த பிளாஸ்டிக் டப்பா. சிவப்பு மூடி மட்டும் வீட்டில் கிடக்கும். டப்பா எங்கே என்று வீட்டார் அடுத்த தீபாவளி வரை தேடுவார்கள்.

டப்பாவுக்கு அறிவியல் காரணம் உண்டு. மேக்ரோ லென்ஸை அவ்வளவு அருகில் கொண்டுபோனால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் கால் மங்கும். ஆகவே எஃப் 11, எஃப் 16 என்று துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் இருட்டு. இருட்டுக்கு ஃபிளாஷ் வேண்டும். ஃபிளாஷ் நேராக விழுந்தால் சிலந்தியின் பளபளப்பான வயிற்றில் வெள்ளைத் திட்டு விழும். அந்த ஒளியைப் பரப்பத்தான் டப்பா. இதையெல்லாம் யார் கேட்டாலும் அவர் விளக்குவார், கேட்காதவருக்கும் விளக்குவார். லென்ஸின் விலையை மட்டும் மனைவிக்கு விளக்குவதில்லை.

இவர்களில் மூத்த தலைமுறை கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகளில் வளர்ந்தது. அந்தக் காலத்துப் பையன்கள் இலைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சண்டைச் சிலந்தியைப் பிடித்து, தீப்பெட்டியில் அடைத்து, மற்றவனுடைய சிலந்தியோடு மோதவிட்டார்கள். அது வலை கட்டாத குதிக்கும் சிலந்தி. தியானியா பாமோயென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அன்று அதைத் தீப்பெட்டியில் போட்டவர் இன்று மெமரி கார்டில் போடுகிறார். இளைய தலைமுறை பெரும்பாலும் கணினி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஊரில் இருந்தவரை சிலந்தியைச் செருப்பால் அடித்தது. இரு தரப்புக்கும் பொதுவான ஆதாரம் ஜோசஃப் கோ 1989இல் எழுதி, சிங்கப்பூர் அறிவியல் நிலையம் வெளியிட்ட கையடக்கச் சிலந்தி வழிகாட்டி. அவர் தொழிலால் அரசதந்திரி. புருணையில் சிங்கப்பூரின் தூதராக இருந்தவர். பிறகு போர்னியோவின் சிலந்திகளைப் பற்றியும் பெரிய நூல் எழுதினார். “வேலவெட்டி இல்லாதவங்க பாக்குற வேலை” என்று மாமனார் சொல்லும்போதெல்லாம் சிலந்திக்காரர் இந்தத் தூதரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்.

லிட்டில் இந்தியாவில் காடு கிடையாது. அதைப் பற்றிச் சிலந்திக்காரருக்குக் குறையும் கிடையாது. தேக்காவைச் சுற்றியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் நடைவழிகளில் கறிவேப்பிலை, துளசி, வெற்றிலைத் தொட்டிகள் இருக்கின்றன; தொட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் வலை இருக்கிறது. நடைவழியில் 1.2 மீட்டர் அகலத்துக்கு இடம் விட்டுவைக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. தொட்டியை நகர்த்தச் சொல்லி வருகிற நகர மன்ற ஊழியரிடம், வலை காற்றைக்கூடத் தடுக்காது என்று அவர் வாதாடுவார். ஊழியர் பேசுவது தொட்டியைப் பற்றி. அவர் பேசுவது வலையைப் பற்றி. இருவரும் வென்ற திருப்தியோடு பிரிவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தொழிலாளர்கள் ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்வெளியில் கூடும்போது அவர் ஒரு விளக்குக் கம்பத்தடியில் குனிந்திருப்பார். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்திக்கு அவர் வருவார். “என்னண்ணே, சாவியத் தொலச்சிட்டீங்களா?” என்று கேட்டு ஒருவர் கைபேசி வெளிச்சத்தைக் காட்டுவார். சாவி இல்லை, சிலந்தி என்று தெரிந்ததும், “இதுக்கா? எங்க கொல்லையில கெடக்கும் நூறு” என்பார். சிலந்திக்காரர் கோபிக்க மாட்டார். எந்த ஊர், என்ன நிறம், வலையின் நடுவில் வெள்ளைக் கோடு உண்டா என்று விசாரிக்கத் தொடங்குவார். வெளிச்சம் காட்டியவர்தான் மெல்ல நழுவுவார்.

பெரிய வேட்டைக்கு மெக்ரிச்சி, புக்கிட் தீமா, சுங்கை பூலோ, 2011இல் ரயில் நின்றுபோன பிறகு நடைபாதையான 24 கிலோமீட்டர் பழைய ரயில் தடம் ஆகிய இடங்கள் உள்ளன. புலாவ் உபினுக்குச் சாங்கியிலிருந்து போகும் படகு 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். அவருடைய முதுகுப்பையைப் பதின்மூன்றாவது ஆளாக நினைத்துப் படகோட்டி முறைப்பார். இயற்கை வனப்பகுதிகள் மாலை 7 மணிக்கு மூடப்படும். வலை பின்னுகிற பல சிலந்திகள் சுறுசுறுப்படைவதும் அந்த நேரத்தில்தான். இந்த முரண்பாட்டைப் பற்றி அவர் தேசியப் பூங்காக் கழகத்துக்கு மனத்துக்குள் நீண்ட கடிதங்கள் எழுதியிருக்கிறார். மற்றபடி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பூங்கா இணைப்புப் பாதையில் தலைவிளக்கோடு நின்றுவிடுவார். இருட்டில் எதிரே ஓடிவருகிறவர்கள் அந்த ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார்கள்.

அந்தி வேளையில் அவர் காண விரும்புவது வலை உருவாகும் வரிசை. சிலந்தி முதலில் ஒரு நூலைக் காற்றில் விடும். எதிர்க்கிளையில் அது ஒட்டிக்கொண்டால் பாலம். பாலத்தின் நடுவிலிருந்து கீழிறங்கிக் கவட்டை வடிவில் நூலை இழுத்துக் கட்டும். பிறகு வெளிச்சட்டம், மையத்திலிருந்து ஆரக்கால்கள். அவை ஆடாமலிருக்க உள்ளிருந்து வெளியே ஒட்டாத தற்காலிகச் சுருள் ஒன்று. கடைசியில் வெளியிலிருந்து உள்நோக்கிப் பசைச் சுருள். அதைப் போட்டுக்கொண்டே வரும்போது தற்காலிகச் சுருளை அகற்றிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடியும். பல இனங்கள் விடிவதற்குள் அந்த வலையைத் தாமே தின்றுவிடுகின்றன. அந்தப் புரதம் அடுத்த வலைக்கு உதவும். பசைச் சுருளின் பாதியில்தான் வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

“ஏங்க, எங்க இருக்கீங்க? தோசை ஆறுது.”

“இதோ வந்துடறேம்மா. அவ முடிச்சிட்டான்னா கிளம்பிடுவேன்.”

“எவ?”

பெரிய வலைகளில் வீற்றிருப்பவை பெண்கள். வயதுக்கு வந்த ஆண்கள் பெரும்பாலும் வலை பின்னுவதை விட்டுவிட்டுத் துணை தேடி அலைகின்றன. இந்த உயிரியல் விளக்கத்தைத் தொலைபேசியில், அந்த நேரத்தில் சொல்வது பயன் தருவதில்லை. சொன்னவர்கள் ஆறிய தோசையைத் தாமே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

சிலந்திக்காரர்களின் பெருமைக்குரிய படம் நெஃபிலா பிலிபெஸ் என்ற சிலந்தியுடையது. பெண்ணின் உடல் 3 முதல் 5 சென்டிமீட்டர். காலை விரித்தால் மனிதக் கையகலம். ஆண் அரை சென்டிமீட்டர் அளவில், வலையின் ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஆண் பெண்ணின் முதுகில் நூலைப் படியவைத்து அவளைச் சாந்தப்படுத்துகிறது, அதனால் தின்னப்படும் ஆபத்து குறைகிறது என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இடம்பெற்ற குழு 2011இல் எழுதியது. இந்த நுட்பத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடிய சிலந்திக்காரர், இரவு பத்தரைக்கு வீட்டுக் கதவைத் திறக்கும்போது அதிலிருந்து எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரிவதில்லை.

நெஃபிலாவின் வலையில் பனித்துளி அளவுக்கு வெள்ளி நிறச் சிலந்திகள் சில குடியிருக்கும். ஆர்கைரோடெஸ் எனப்படும் இவை, பெரியவள் பிடித்த இரையில் சிறு பூச்சிகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். சிலந்திக்காரர்களிலும் இந்தப் பிரிவு உண்டு. சொந்தமாக ஒரு வலையும் தேடமாட்டார், “எந்த இடம் அண்ணே? எத்தனையாவது விளக்குக் கம்பம்?” என்று கேட்டு, மறுநாள் அதே சிலந்தியை இன்னும் நல்ல வெளிச்சத்தில் எடுத்துப் போடுவார்.

இன்னொரு விருப்பம் ஆர்கியோப் வெர்சிகலர். குட்டியாக இருக்கும்போது வலையின் நடுவில் வெள்ளை வட்டமும், வளர்ந்தபின் பெருக்கல் குறி வடிவமும் நெய்யும். இரையை ஈர்க்கவா, பறவையை எச்சரிக்கவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சிங்கப்பூரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்த அலங்காரம் சிலந்திதின்னிச் சிலந்தியான போர்ஷியாவையும் இழுத்துவருகிறது என்று காட்டியது. அலங்காரத்தால் ஆபத்து என்ற இந்த முடிவைத் தீபாவளிப் புடவை வாங்கப் போகும்போது எடுத்துச் சொன்னவர் மறுமுறை சொன்னதில்லை.

அவருடைய உண்மையான பகை காட்டில் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ஒட்டடைக்கம்பு வெளியே வரும். வீட்டு மூலையில் தூசி படிந்து தொங்குவது வேறு சிலந்தியின் வேலை, நடைவழித் தொட்டியில் வட்டமாக இருப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுவார். கம்புக்கு அந்த வகைப்பாடு தெரியாது. கடைசி ஆயுதமாகத் திருவானைக்காவல் கோயில் கதையைக் கொண்டுவருவார்: லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகி, அறுபத்துமூவரில் ஒருவரானது.

“அந்தக் கதையில வலையை அசிங்கம்னு பிச்சுப் போட்டது யானைதானே?” என்பார் மனைவி, கம்பை இறக்காமல். “அதுக்கும் மோட்சம் கெடச்சுதுல்ல?”

இதற்கு இதுவரை எந்தச் சிலந்திக்காரரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. கோச்செங்கட் சோழனே யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகப் பார்த்துக் கட்டினான் என்பார்கள். வீவக வீட்டில் அதற்கு அனுமதி இல்லை.

சிலந்திக்காரர்களிடையே ஒரு கோஷ்டிச் சண்டையும் உண்டு. வலை தெரிய வேண்டுமென்று நீர் தெளிப்பவர்கள் ஒரு பக்கம். மழை விட்ட காலையில் தானே கிடைக்கும் துளிக்காகக் காத்திருப்பவர்கள் மறுபக்கம். நீர் தெளிப்பதை மன்னிக்கலாம். சிங்கப்பூரில் மழையே அதைவிட முரட்டுத்தனமாகத் தெளிக்கிறது. சோளமாவு தூவுகிறவரை மன்னிக்க முடியாது. மாவு பசையைக் கெடுத்துவிடும்; சிலந்தி அன்றைய வலையையும் அதில் விழவேண்டிய இரையையும் இழக்கும். அவரை இந்த வகையில் சேர்ப்பதே தவறு.

மற்றவர்களால் ஊருக்குத் தீங்கில்லை. பாதையோரம் முறுக்கு டப்பாவோடு ஒருவர் குனிந்திருந்தால், என்ன தேடுகிறார் என்று கேட்க வேண்டாம், சொல்லிவிடுவார். அவருக்கு முன்னால் குறுக்கே நடக்காமல் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். வலை பெரும்பாலும் உங்கள் முகத்தின் உயரத்தில்தான் இருக்கும்.