கத்தரியின் குற்றம், ஒலியின் மீது பழி

டிவிடிப் படத்தை இரண்டாக நறுக்கியதும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டால், நம்மவர்கள் முதலில் ஒலியைத்தான் கைது செய்கிறார்கள். முன்னே இழுப்பார்கள், பின்னே தள்ளுவார்கள், அப்படியும் வழிக்கு வராவிட்டால் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி நிரபராதி. தவறு வெட்டிய இடத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் வெட்டைச் சரிபார்த்து, பிறகு ஒலியைக் கவனித்து, கடைசியாகச் சாப்டர் குறிகளைத் தொட வேண்டும். தலைகீழாகச் செய்கிறவர்களுக்குத்தான் விடிய விடிய வேலை.

டிவிடிக்குள் படம், 1 ஜிபிக்கு மிகாத விஓபி கோப்புகளாகக் கிடக்கிறது. அந்த எல்லைக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை. கதாநாயகி பல்லவியில் மூச்சு வாங்கும்போதே ஒரு கோப்பு முடிந்துவிடலாம். சரி, நாமே இடம் பார்த்து வெட்டலாமென்றால் அதற்கும் தடை உண்டு. எம்பெக்-2 வீடியோவில் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு ஃபிரேம்தான் முழுப்படம். மற்றவை அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிப் பிழைப்பவை. ரீ-என்கோடிங், அதாவது படத்தை மறுபடி சுருக்கி எழுதும் வேலை, செய்யாத மென்பொருள், நாம் எங்கே அமுக்கினாலும், அந்த முழு ஃபிரேமுக்கு நகர்ந்துதான் வெட்டும். ஒலியின் கணக்கோ வேறு. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டிவிடியில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. ஏசி-3 ஒலித்துண்டு ஒன்று 32 மில்லிநொடி. போதாக்குறைக்கு, கோப்பில் படத்தின் தரவு முன்கூட்டியே வந்து காத்திருக்கும், அதற்குரிய ஒலி சற்றுப் பின்னால் வரும். நடுவில் கத்தரி விழுந்தால், போன காட்சியின் வசனம் புதிய பாகத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். வாலில் வரவேண்டிய வசனம் வராமலே போகும்.

நல்லவேளையாக, ஒவ்வொன்றும் எப்போது வெளிப்பட வேண்டும் என்ற நேர முத்திரை கோப்பிலேயே உண்டு. அதைப் படிக்கும் மென்பொருள் சொல்லும் தாமத எண்ணை, ஒலியையும் படத்தையும் மறுபடி சேர்க்கும்போது கொடுத்தால் போதும். ஆனால் அதற்குமுன் பாகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் விலகல் ஒரே அளவென்றால் அது வெட்டின் வேலை. போகப்போக வளர்ந்தால் அது வேகக் கோளாறு: 29.97 ஃபிரேம் படத்தை 30 என்று ஓட்டினால் மணிக்கு 3.6 நொடி விலகும். அங்கே தள்ளியும் இழுத்தும் பயனில்லை. ஒலி முடிந்தது, இனி சாப்டர் குறிகள். அந்த விவரம் ஐஎஃப்ஓ கோப்பில் தனியே இருப்பதால் அது தானாகத் திருந்தாது. இரண்டாம் பாகம் உண்மையில் தொடங்கிய நேரத்தை ஒவ்வொரு குறியிலிருந்தும் கழிக்க வேண்டும். 1:12:00-இல் வெட்டியிருந்தால் 1:20:00 குறி 0:08:00 ஆக வேண்டும். கழிக்காவிட்டால், ஒரு மணி நேரமே ஓடும் பாகத்தில் 80-ஆம் நிமிடத்தில் பாட்டு இருப்பதாகக் குறி சொல்லும். ஜோசியர்கூட அவ்வளவு துணியமாட்டார்.

“எல்லாவற்றையும் ரீ-என்கோடிங் செய்துவிட்டால் நினைத்த இடத்தில் வெட்டலாமே?” என்று கேட்கலாம். வெட்டலாம், அரை நொடித் துல்லியத்துக்காக முழுப்படத்தின் தெளிவையும் கொஞ்சம் காவு கொடுக்க மனமிருந்தால். “டப்பிங் படம் பார்த்து வளர்ந்த நமக்குச் சில மில்லிநொடியா பிரச்சினை?” என்பது இன்னும் வலுவான கேள்வி. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலும், 125 மில்லிநொடி பிந்தினாலும் பார்ப்பவர் உணரத் தொடங்கிவிடுவார் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பிந்தினால் கூடுதல் மன்னிப்பு கிடைப்பதில் வியப்பில்லை. மின்னலுக்குப் பின் இடி வருவது நமக்குப் பழக்கம்தான். தவிர, இரவல் குரலை நாம் ஏற்றுக்கொண்டதே நேரம் பிசகாததால்தான். டி.எம்.சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். இருவருமே சொந்தக் குரலில் பாடுவதாக நம்பினோம். உதடு மூடிய பிறகும் பாட்டு தொடர்ந்தால் அந்த நம்பிக்கை அங்கேயே செத்துவிடும்.

ஆகவே ஒலியைத் தொடுமுன் வெட்டைப் பாருங்கள். இரண்டு பாகங்களையும் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பார்த்து முடிக்கும்வரை மூல டிவிடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.