தினைக்கு எதற்கு இத்தாலி?

கேள்வி: எங்கள் கொல்லிமலைத் தினையின் லத்தீன் பெயர் 'செட்டேரியா இத்தாலிக்கா'வாமே! இத்தாலிக்காரர் எப்போது மலையேறினார்?
- வாசகி, செம்மேடு

பதில்: அவர் ஏறவில்லை, பெயர் ஏறிவிட்டது! 'இத்தாலிக்கா' 1753-இல் சுவீடனின் லின்னேயஸ் வைத்தது. தினையை முதலில் பயிராக்கியவர்களோ வடசீனத்து உழவர்கள். 'செட்டா' என்றால் முரட்டு மயிர்; கதிரைத் தடவினாலே விளங்கும். இதேபோல், இந்திய மண்ணில் பயிரான சாமைக்கு லத்தீனில் சுமத்ராவின் பெயர்! எனக்கு ஆகப் பிடித்தது கேழ்வரகின் 'எல்யூசினி கோராகானா'. பிறந்தகம் ஆப்பிரிக்கா. முன்பெயர், தானியத் தெய்வம் டெமெட்டருக்குக் கோயில் இருந்த கிரேக்கத்து எல்யூசிஸ் நகரிலிருந்து வந்தது. பின்பெயர், இலங்கைத் தமிழர் இன்றும் சொல்லும் குரக்கன்! அடுத்தமுறை களி கிண்டும்போது 'கோராகானா' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குரக்கன் காதில் விழும்.