மேசை, ஜன்னல், முழங்கால்

லிஸ்பனில் பார்க்க வேண்டிய பத்து இடங்களைக் கட்டுரையாளர் ஆறு மாதமாகச் சேகரித்து, நீள நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். எது எந்த ஆண்டில் கட்டப்பட்டது, யார் கட்டினார், எத்தனை மீட்டர் உயரம் எல்லாம் அதில் இருந்தன. எந்தக் கிழமை பூட்டியிருக்கும் என்பது மட்டும் இல்லை. அதனால் 2023 மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, மதுரையிலிருந்து வந்த கட்டுரையாளரும் அவர் மனைவியும் ஜெரோனிமோஸ் மடாலயத்தின் சாத்திய கதவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். திங்கட்கிழமை அந்த மடாலயத்துக்கு விடுமுறை. ஆற்றங்கரையில் இருக்கும் பெலேம் கோபுரத்துக்கும் அன்றே விடுமுறை.

"சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவுன்னு தெரியுதுல்ல? இதையும் ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்ல?" என்றார் மனைவி.

திறந்திருந்தது ஒரே ஒரு தலம். மடாலயத்திலிருந்து சில நிமிட நடையில், 1837 முதல் முட்டைப் பலகாரம் விற்கும் கடை. கையகல மாவுக் கிண்ணத்துக்குள் மஞ்சள் கரு, பால், சர்க்கரை சேர்ந்த பாகு. மேலே அங்கங்கே கருகிய புள்ளி. அந்தக் காலத்து மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினார்களாம். மிஞ்சிய மஞ்சள் கருவை என்ன செய்வது என்ற கவலையில்தான் போர்ச்சுக்கல்லின் இனிப்புகளில் பாதி பிறந்தன என்று சொல்கிறார்கள். 1834-இல் அரசு மடங்களைக் கலைத்தது. பிழைப்புக்கு வழி தேடிய துறவிகளிடமிருந்து செய்முறை பக்கத்துச் சர்க்கரை ஆலைக்காரர்களுக்குப் போயிற்று. இன்றும் அதை ஒரு பூட்டிய அறையில் வைத்துத்தான் கலக்குகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

கட்டுரையாளர் இந்த வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இருந்த ஆறில் நான்கு காலி. "பட்டியல்ல இது எத்தனையாவது?" என்று கேட்டார் மனைவி. பட்டியலில் அது இல்லை. பத்தோடு பதினொன்றாக அப்போதே எழுதப்பட்டது.

மறுநாள் மடாலயம் திறந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் முதலாம் மனுவேல் எழுப்பிய கட்டடம். கீழைநாட்டு வாணிபத்தின் மீது போட்ட வரிதான் அதற்கு முதல். தூண்களில் கப்பல் கயிறு முறுக்கிக்கொண்டு ஏறுகிறது; கல்லிலேயே முடிச்சும் போட்டிருக்கிறார்கள். உள்ளே அரசர்களின் கல்லறைப் பெட்டிகளைச் சலவைக்கல் யானைகள் முதுகில் சுமக்கின்றன. பெரிய கோயில்களின் யாளியும் யானையும் பார்த்துத் தேறிய மனைவி, யானைகளை நிதானமாகச் சுற்றி வந்து, "தும்பிக்கை சரியா வரல" என்று தீர்ப்புச் சொன்னார்.

வாசலருகே வாஸ்கோ டா காமா படுத்திருக்கிறார். 1524-இல் கொச்சியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்; 1539-இல் எலும்புகள் தாய்நாடு திரும்பின. கட்டுரையாளருக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் 1498-இல் கோழிக்கோட்டில் நடந்த சீர்வரிசை. சாமூதிரி மன்னருக்குக் கொடுக்க அவர் எடுத்து வைத்தவை: ஆறு தொப்பி, ஆறு கைகழுவும் பாத்திரம், கொஞ்சம் துணி, கொஞ்சம் பவளம், ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். பார்க்க வந்த அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான், மன்னருக்குத் தங்கம் கொண்டுவா என்றார்கள். கல்யாண வீட்டுக்கு வெறும் வாழைப்பழச் சீப்போடு போய் நின்ற தாய்மாமன் நிலைமை. 1502-இல் அவர் திரும்பி வந்தபோது தொப்பிகள் கொண்டுவரவில்லை, பீரங்கிகள் கொண்டுவந்தார். ஹஜ் பயணிகள் நிறைந்த ஒரு கப்பலை ஆட்களோடு எரித்தார். கல்லறையில் கப்பலும் கயிறும் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள்; இதைச் செதுக்கவில்லை.

அதே கட்டடத்தின் மேற்குப் பகுதியில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். கட்டுரையாளர் லிஸ்பனுக்கு வந்ததே அதற்காகத்தான் என்று சொன்னால் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்த மகள் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் உண்மை அதுதான். 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. கிறிஸ்தவ மந்திரங்களும் வழிபாடுகளும் அடங்கிய சிறு நூல். வின்சென்ட் டி நாசரெத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா டா குரூஸ் என்று ஞானஸ்நானப் பெயர் வாங்கியிருந்த மூன்று இந்தியர்கள் உருவாக்கியது. தமிழ் எழுத்து இல்லை. ரோமன் எழுத்தில் தமிழ், கறுப்பும் சிவப்புமாக அச்சிட்டு, கூடவே போர்ச்சுகீசியம். தமிழ் எழுத்தே அச்சேற இன்னும் 24 ஆண்டுகள் ஆயின. அது 1578-இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. இன்றைக்குப் பிள்ளைகள் கைப்பேசியில் "enna panra" என்று தட்டுவதைக் கண்டு தமிழ் அழிந்தது என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்கள், அச்சில் தமிழ் கண்ணைத் திறந்ததே இந்த வேடத்தில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தனிநாயகம் அடிகள் தேடிப் போய்ப் பார்த்து உலகத்துக்குச் சொன்ன பிரதி, பெலேமில் உள்ள இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது.

அருங்காட்சியகம் 2022-இலிருந்தே சீரமைப்புக்காக மூடிக்கிடந்தது. அதுவும் நோட்டில் இல்லை.

கட்டுரையாளர் அந்த நீண்ட கல் சுவரை ஒட்டி ஒரு தடவை நடந்துவிட்டு வந்தார். மனைவி எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து முந்தின நாள் பலகாரம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பெலேம் கோபுரத்தில் ஒரு காண்டாமிருகம் இருக்கிறது. காவல்மாடத்தின் அடியில், மழை தின்று மூக்கு மழுங்கிய கல்முகம். நிஜக் காண்டாமிருகம் 1515 மே 20 அன்று, கோபுரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இதே கரைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்கிடம் கொடுத்த பரிசு. அவர் அதை அப்படியே மன்னருக்கு அனுப்பிவிட்டார். வந்த பரிசை அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடும் கலை நம் கல்யாண வீடுகளுக்கு மட்டும் சொந்தமில்லை. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஜென்மப் பகை என்று பழைய ரோமானியர் எழுதி வைத்ததைச் சோதிக்க, மன்னர் இரண்டையும் எதிரெதிரே விட்டார். கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு யானை ஓட்டம் பிடித்தது. வெற்றி பெற்ற விலங்கைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். கப்பல் இத்தாலிக் கரையோரம் புயலில் மூழ்க, சங்கிலியில் கட்டியிருந்த மிருகமும் மூழ்கியது. ஜெர்மனியில் ட்யூரர் என்ற ஓவியர், ஒரு கடிதத்தையும் யாரோ கிறுக்கிய படத்தையும் வைத்துக்கொண்டு அதை மரச்செதுக்கில் வரைந்தார். கவசம் போட்ட மாதிரி தோல், முதுகில் உபரியாக ஒரு குட்டிக் கொம்பு. நேரில் பார்க்காமலே வரைந்த அந்தப் படத்தைத்தான் ஐரோப்பா இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அசல் என்று நம்பியது. பயண இலக்கியம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட ஆறுதல் தரும் செய்தி இல்லை.

அருகில் கடலோடிகள் நினைவுச்சின்னம். 1940 கண்காட்சிக்காகத் தற்காலிகமாக நிறுத்தி, 1960-இல் கல்லில் நிரந்தரமாக்கியது. கப்பல் முனையில் இளவரசர் ஹென்ரி.

"முன்னால நிக்கிறவரு எங்கெல்லாம் போனாரு?"

"மொராக்கோ வரைக்கும். அதுக்கு மேல மத்தவங்களை அனுப்பினாரு."

"ஓ, மேனேஜரு."

நகரத்துக்குள் வந்தால் வேறு பிரச்சினை. ஏழு குன்றுகளின் மேல் நகரம் என்று எல்லாக் கையேடுகளும் பெருமையாகச் சொல்லும். முழங்காலிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. பெர்னான்டோ பெஸோவா என்ற மகாகவிகூட 1925 வாக்கில் தன் ஊருக்கு ஆங்கிலத்தில் ஒரு சுற்றுலாக் கையேடு எழுதினார். அது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1992-இல்தான் வெளிவந்தது. கட்டுரையாளர் அதை நம்பிப் புறப்பட்டவர். மூன்றாவது ஏற்றத்தில்தான் புரிந்தது, அந்தக் கையேட்டில் பயணி மோட்டார் காரில் போகிறார். பெஸோவா எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களில் எழுதியவர். வெறும் புனைபெயர்கள் அல்ல. முக்கியமானவர்களுக்குத் தனி ஜாதகம், தனி நடை, ஒருவர் கவிதையை இன்னொருவர் விமர்சிப்பது வரை உண்டு. அத்தனை பேரில் ஒருவருக்காவது மூட்டுவலி இருந்திருக்கலாம். ஒரு காபிக் கடை வாசலில் அவர் வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் காலி வெண்கல நாற்காலி. கட்டுரையாளர் அதில் இலக்கிய அஞ்சலிக்காக உட்காரவில்லை.

தரையும் சும்மா இருப்பதில்லை. வெள்ளையும் கறுப்புமாகச் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துக் கோலம் போட்ட நடைபாதை. ரோசியோ சதுக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் போட்ட அலைவடிவம், பார்த்தாலே தலை சுற்றும். தூறல் விழுந்தால் அந்த அலை நிஜமாகவே ஆளை அடித்துக்கொண்டு போகும்.

மலை ஏற 28-ஆம் எண் டிராம். மஞ்சள் நிற மரப்பெட்டி. சுவரை உரசுகிற சந்துகளில் முனகிக்கொண்டு வளையும். பிக்பாக்கெட் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. கட்டுரையாளர் இதற்குத் தயாராகவே வந்திருந்தார். பணம், பாஸ்போர்ட், எல்லாம் சட்டைக்கும் உள்சட்டைக்கும் அடியில், இடுப்பில் கட்டிய பையில். ஓட்டுநர் டிக்கெட்டுக்குக் காசு கேட்டபோது திருடர்களாலும் எடுக்க முடியவில்லை, அவராலும் எடுக்க முடியவில்லை. பின்னால் வரிசை நின்றது. மனைவி சுருக்குப்பையைத் திறந்து சில்லறை எண்ணிக் கொடுத்தார்.

உச்சியில் சாவோ ஜோர்ஜ் கோட்டை. 1147-இல் மூர்களிடமிருந்து பிடித்தது. இன்று கண்ணில் படும் கம்பீரமான மதில்முகப்பில் பெரும்பகுதி 1940-ஐ ஒட்டிப் புதுப்பித்துக் கட்டியது. உள்ளே மயில்கள் உலாவுகின்றன, எல்லாம் நம்ம ஊர் நீல மயில்கள். "இதுக்கு விராலிமலைக்கே போயிருக்கலாம். ஒரே பஸ்ஸு" என்றார் மனைவி.

இறங்கும் வழியில் அந்தோனியார் பிறந்த இடம். உலகம் அவரைப் பதுவை அந்தோனியார் என்கிறது, பிறந்தது லிஸ்பனில். கச்சத்தீவு வரை கோயில் உள்ள மனிதர், பிறந்த ஊர்ப்பெயரை மட்டும் இத்தாலிக்காரர்களிடம் பறிகொடுத்துவிட்டார். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று நம்பிக்கை. உள்ளூர்க்காரர்களுக்கு அவர் கல்யாணத் தரகரும்கூட.

லிஸ்பனில் எதைப் பார்த்தாலும் 1755 குறுக்கே வரும். நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள், காலைப் பூசை நேரம். முதலில் நிலநடுக்கம், பிறகு ஆற்றின் வழியாகச் சுனாமி, பிறகு திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் நாட்கணக்கில் தீ. கார்மோ தேவாலயம் கூரையில்லாமல் வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கி நிற்பது அன்றிலிருந்துதான். சிரிக்க ஒன்றும் இல்லாத இடம் அது. கட்டுரையாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு அமைச்சர் பொம்பால் நகரின் நடுப்பகுதியை நேர்க்கோட்டுத் தெருக்களாகக் கட்டினார். சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து, அது தாங்குமா என்று பார்க்கப் படைவீரர்களைச் சுற்றிலும் கால் உதைத்து நடக்கச் சொன்னார்கள் என்பார்கள். மன்னர் ஜோசேவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. கல்கட்டடத்துக்கு அடியில் இனித் தூங்கமாட்டேன் என்று குன்றின் மேல் மர அரண்மனை கட்டிக்கொண்டு சாகும்வரை அங்கேயே இருந்தார். மரம் நடுங்கவில்லை. 1794-இல் எரிந்துபோயிற்று.

ஃபாடோ பாட்டு கேட்கப் போன இரவை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. விளக்கைக் குறைத்து, எல்லாரும் மூச்சைப் பிடித்திருந்த நேரத்தில், 2011-இல் இதற்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது என்று கட்டுரையாளர் மனைவியின் காதில் சொன்னார். நான்கு மேசைகளிலிருந்து 'உஷ்' வந்தது. ஐந்தாவது, மனைவியிடமிருந்து.

கடைசி இரவு ஆற்றைப் பார்த்த சின்ன உணவகம். கட்டுரையாளர் கைப்புத்தகத்தைப் பிரித்து, ஜன்னலோர இருக்கை வேண்டும் என்ற வாக்கியத்தை வினைமுற்று உட்பட மூன்று தடவை வாசித்தார். பணியாளர் மூன்று தடவையும் கழிவறைப் பக்கம் கைகாட்டினார். மனைவி பொறுமையிழந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே, "மேசை... ஜன்னல்..." என்று விரலை நீட்டினார். "ஆ, மேசா! ஜனேலா!" என்று முகம் மலர்ந்த பணியாளர் அழைத்துப் போய் ஆற்றோரம் உட்கார வைத்தார்.

கட்டுரையாளர் அப்போதுதான் விளக்கத் தொடங்கினார்: மேசை, ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம், மேஸ்திரி, பாதிரி எல்லாம் இவர்கள் விட்டுப்போனவை; யாழ்ப்பாணத்தில் இன்னும் அதிகம், கதிரை, சப்பாத்து, குசினி—

"அப்ப இத்தனை வருஷமா நான் இவங்க பாஷைதான் பேசிட்டிருக்கேன். நீங்கதான் புஸ்தகத்தைத் தூக்கிட்டு அலையறீங்க."

உணவு வந்தது. உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன். இதை நாளுக்கு ஒன்றாக 365 விதமாகச் சமைக்கலாம் என்பது அவர்கள் பெருமை. மீன் வருவதோ பெரும்பாலும் நார்வே பக்கமிருந்து. மனைவி முகர்ந்து பார்த்தார். "கருவாடு. இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?" என்றவர் தட்டைத் துடைத்துவிட்டார். இனிப்புப் பட்டியலில் 'அனனாஸ்' என்பதைக் கண்டு அன்னாசி என்று தானே கண்டுபிடித்துச் சொல்லவும் செய்தார்.

பில் வந்தபோது கேட்காமலே மேசையில் வைத்த ரொட்டி, ஆலிவ், வெண்ணெய்க்கும் காசு சேர்ந்திருந்தது. அங்கே வழக்கம் அதுதான்: தொடாவிட்டால் காசில்லை, தொட்டால் உண்டு. இது நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. கட்டுரையாளர் அதைத் தேடிக் கண்டுபிடித்தபோது ரொட்டிக் கூடையில் துண்டு ஒன்றுதான் பாக்கி. மனைவி அதையும் எடுத்து, கைத்துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.