கொதிக்கிற கேள்விகள்

கேள்வி: மாமியாருக்கு மரச்செக்கு நல்லெண்ணெய்தான் வேண்டும். கணவருக்கு ரீஃபைண்ட் சூரியகாந்தி. மளிகைச் சீட்டு எழுதும் நாளெல்லாம் போர்க்களம். நீங்கள் யார் கட்சி?
– ஒரு மருமகள், ஈரோடு

பதில்: மாமியார் கட்சி. நல்லெண்ணெயில் இருக்கும் செசமால் போன்ற பொருள்கள் அதைச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கவிடுவதில்லை. ஊறுகாய்க்குப் பாட்டிமார் அதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அதற்காக ரீஃபைண்ட் எண்ணெய் வாட்ஸ்அப்பில் மிரட்டுகிற அளவுக்கு விஷமும் அல்ல. ஆனால் சூரியகாந்தி எண்ணெய் திரும்பத் திரும்பச் சுட்டால் சீக்கிரம் கெடும். பூரிக்குக் கடலை எண்ணெய் மேல். ஒரே ஒரு சிக்கல்: எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கில் ஆட்டியதால் ஒன்றுகூடக் குறையாது. இதை உங்கள் மாமியாரிடம் சொல்லும் பொறுப்பு அவர் மகனுடையது.

கேள்வி: ‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்று பெரியவர்களே சொல்லியிருக்க, வடை சாப்பிட்டால் டாக்டர் ஏன் திட்டுகிறார்?
– வடைப் பிரியர், திருவாரூர்

பதில்: கொடுக்கத்தானே சொன்னார்கள், குடிக்கவா சொன்னார்கள்? வாங்கின எண்ணெயில் தலைக்கும் விளக்குக்கும் போனது போகத்தான் அடுப்புக்கு வந்தது. வடையும் அமாவாசை, பண்டிகை என்று நாள் பார்த்து வந்தது. இப்போது மணி நாலானால் வந்துவிடுகிறது.

கேள்வி: ‘கொலஸ்ட்ரால் அறவே இல்லை’ என்று போட்ட எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: கொலஸ்ட்ரால் பிராணிகள் சமாசாரம். தாவர எண்ணெயில் கணக்கில் சேர்க்கிற அளவுக்குக்கூடக் கிடையாது. ‘எலும்பில்லாத வெண்டைக்காய்’ என்று பலகை மாட்டினால் கூடுதலாகக் கொடுப்பீர்களா? ‘டபுள் ரீஃபைண்ட்’, ‘கொலஸ்ட்ரால் ஃபைட்டர்’ என்றெல்லாம் எண்ணெய்ப் பாக்கெட்டில் அளக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. முன்பக்கம் விளம்பரக்காரர் எழுதுவது. பின்பக்கம் சட்டத்துக்குப் பயந்து எழுதுவது. பின்பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: ரேஷன் பாமாயிலை எங்கள் வீட்டு வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறேன். புண்ணியம்தானே?
– அண்ணாநகர் வாசகி

பதில்: அந்த அம்மாவின் இதயம் என்ன வேறு மாடலா? பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, உண்மைதான். தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம். அதை யாரும் தானம் செய்வதாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டு பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். முக்கால்வாசியில் பாமாயில் உட்கார்ந்திருக்கும். 25 ரூபாய்க்கு வாங்கிய லிட்டரைத் தானம் கொடுத்துவிட்டு, அதையே பிஸ்கட்டாகப் பல மடங்கு விலைக்குத் திரும்ப வாங்குகிறீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் ஒன்றரை லிட்டர் மிச்சம். கொட்ட மனசு வரவில்லை.
– தஞ்சாவூர் வாசகி

பதில்: மனசு வராததுதான் நம் சமையலறையின் பெரிய வியாதி. எந்த எண்ணெய் என்று ஆயுள் முழுக்கச் சண்டை போடுகிறோம். எத்தனை தடவை கொதித்தது என்று யாரும் கேட்பதில்லை. சுடச்சுட எண்ணெய் உடைந்து போலார் சேர்மங்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியச் சட்டம். ஒரு நாளில் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற கடைகள் கணக்கு வைத்திருக்க வேண்டும். பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டமும் அதே ஆண்டு வந்தது. லாரிக்குப் போக வேண்டியதைச் சில கடைகள் இன்னும் நம் வயிற்றுக்கே அனுப்புகின்றன. பழைய எண்ணெய் தலையில் புதிதை ஊற்றிச் சரிக்கட்டுகிற தந்திரமும் உண்டு. புதிதையும் சீக்கிரம் கெடுக்க அது நல்ல வழி. கறுத்து, நுரைத்து, தொட்டால் பிசுபிசுக்கும் சட்டியைக் கண்டால் பஜ்ஜி எவ்வளவு அழைத்தாலும் நடையைக் கட்டுங்கள்.

உங்கள் ஒன்றரை லிட்டர்? ஒரே தடவை சுட்டதென்றால் வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். தீராதது குப்பைக்கு, சிங்க்கில் ஊற்றினால் அடுத்த கடிதம் பிளம்பரைப் பற்றி எழுதுவீர்கள். அடுத்த தீபாவளிக்குச் சின்ன வாணலி வையுங்கள்.

கேள்வி: பஜ்ஜியைப் பேப்பரில் வைத்துப் பிழிந்தால் எண்ணெய் போய்விடும் அல்லவா?
– கடலூர் வாசகர்

பதில்: போகும். அச்சு மை வரும்.

கேள்வி: கடைசியாக, ஒரு ஆளுக்கு எவ்வளவுதான் எண்ணெய்?
– சேலம் வாசகர்

பதில்: உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு நாளைக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லிவந்தது, சுமாராக நாலைந்து தேக்கரண்டி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 லிட்டருக்குள் அடங்க வேண்டும், ஓட்டலில் சாப்பிட்டதையும் சேர்த்து. போன மாத மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.