பிரஷ் இல்லாமல் பல் தேய்ப்பது எப்படி?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதை மருத்துவர்கள் ‘ப்ரக்ஸிசம்’ என்கிறார்கள். 1907-இல் பிரெஞ்சில் இதற்கு ஒரு பெயர் வைத்து ஒரு கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன்பு மனிதர்கள் பெயர் தெரியாமலே கடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தத் திறமை இருந்தும், பலர் அரைகுறையாகவே செய்கிறார்கள். பற்களை முழுசாகத் தேய்த்து முடிக்க விரும்புகிறவர்களுக்காக இதோ ஆறு வழிகள்.

1. மறுத்துவிடுங்கள்

“ராத்திரி பூரா பல்லைக் கடிச்சீங்க, எனக்குத் தூக்கமே போச்சு” என்று மனைவி சொன்னால், “நானா? நீ ஏதாவது கனவு கண்டிருப்பே” என்று சொல்லுங்கள். காலையில் பொட்டு வலிக்கும், தாடை இறுகியிருக்கும், நாக்கின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கும். எதையும் சாட்சியாக ஏற்காதீர்கள். தலைவலிக்குக் காரணம் வெயில், மார்கழியிலும் அதேதான்.

2. பூச்சி மாத்திரையை நம்புங்கள்

குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பது பாட்டி வைத்தியம். மாத்திரை பூச்சியைக் கொல்லும். பல் கடிப்பதை நிறுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். அதற்கு முந்தைய வாரம் மாத்திரை கொடுத்தவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் நிலைக்கும்.

3. பகலிலேயே ஒத்திகை பாருங்கள்

வாய் சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் பட்டிருக்க வேண்டும். இந்த நிலையைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். மேனேஜர் “ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பித்ததும் தாடையை இறுக்குங்கள். ‘பல் விலகியிருக்கிறதா?’ என்று ஒரு சீட்டெழுதி கம்ப்யூட்டரில் ஒட்டிவைக்கச் சொல்வார்கள். ஒட்டாதீர்கள், பழக்கம் குறைந்துவிடும் அபாயம் இருக்கிறது.

4. படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபி

கூடவே சிகரெட், வசதிப்பட்டால் ஒரு பெக். மூன்றும் தூக்கத்தைக் கலைப்பவை. நறநறப்பு பெரும்பாலும் மூளை சில நொடிகள் அரைவிழிப்புக்கு வரும்போதுதான் நடக்கிறது. எனவே எவ்வளவு கலைகிறதோ அவ்வளவு வாய்ப்பு. குறட்டைவிட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதென்றால் ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். குறட்டை பரம்பரைச் சொத்து என்று சொல்லித் தப்பிக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் பல் கடிப்பு வரலாம். ஆனால் டாக்டரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தும்படி இந்த வழிகாட்டிகூடச் சொல்லாது.

5. நைட் கார்டைப் பத்திரப்படுத்துங்கள்

பல் டாக்டர் அளவெடுத்து அக்ரிலிக்கில் ஓர் உறை செய்து தருவார். அது கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தேயவிடலாமா? டப்பாவோடு பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். எனாமல் தேயட்டும். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான், போனால் திரும்ப வளராத பொருளும் அதுதான். பிறகு கூச்சம், விரிசல், ரூட் கெனால், கேப் என்று வரிசையாக வரும். தாடைத் தசைக்கு போடாக்ஸ் ஊசியும் போடுகிறார்கள். சில மாதங்களில் அதன் வேகம் அடங்கிவிடும் என்பதால் கவலை வேண்டாம்.

6. ஆறுதல் சொல்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மன அழுத்தம் பல் கடிப்புக்கு நெருங்கிய சொந்தம். ஆகவே “டென்ஷனே ஆகாதீங்க சார்” என்று சொல்லும் நண்பர் ஒருவர் அவசியம். அவர் வீட்டுக்கு வந்து உட்காருவார். லோன் எவ்வளவு பாக்கி, பையனுக்கு ஏன் இன்னும் வேலை அமையவில்லை, பெண்ணுக்கு எப்போது வரன் பார்க்கப்போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். “எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியாத் தூங்குங்க” என்று சொல்லிவிட்டு, பத்தரை மணிக்குக் கிளம்புவார். அதற்குமேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.