ரெண்டு கை, நடுவில் ஒரு செடி

நேற்று சாயங்காலம் ஒரு தொண்டு நிறுவனத்துச் செயலாளர் போனில் கேட்டார்: “பேனரை ஃப்ளெக்ஸ்லதானே சார் போடுறீங்க? துணின்னா கலர் டல்லடிக்கும்.” பேனரில் போடவேண்டிய வாசகம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம். ஊர்வலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் புறப்படுகிறது. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சப்பை உண்டு. பை கசங்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் பாலிதீன் கவருக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். “2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை பண்ணின 14 பொருளில் பிளாஸ்டிக் கொடிகூட இருக்கே சார்” என்றேன். “கொடி இருக்கு. பேனர் இல்லையே” என்றார். பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறார், மனிதர்.

அந்த எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. கொள்கையோடு ஒரு டிசைன் ஸ்டுடியோ நடத்துவதற்கு மூன்று விதிகள் இருக்கின்றன, அவற்றை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஸ்டுடியோ ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் ஒரு மாடியில் இருக்கிறது. சமூக மாற்றத்துக்கான வடிவமைப்பு என்று வாசலில் போர்டு. அதைப் படித்துவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறி வருகிறவர்களில் பாதிப்பேருக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் வேண்டும். எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். சில வாரங்களில் கையில் ரொக்கமாக வருவது அது ஒன்றுதான். சாராயம், ஆன்லைன் ரம்மி, முகம் சிவக்கும் கிரீம் ஆகிய மூன்றுக்கும் வேலை செய்யமாட்டோம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்த மூன்று பேரில் ஒருவர்கூட மாடி ஏறி வந்து கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

முதல் விதி: ரெண்டு கை, நடுவில் ஒரு செடி, இந்தப் படத்தைப் போடமாட்டோம்.

எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கும். மரம் நடுவிழாவா, அந்தச் செடி. கண் சிகிச்சை முகாமா, அதே செடி. பெண் கல்வி, ரத்த தானம், முதியோர் இல்லத்துக்கு வீல்சேர் வழங்கல், எல்லாவற்றுக்கும் அதே ஒரு செடி. அந்தக் கைகள் யாருடையவை? நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. கொள்ளிடக் கரையில் நாற்று நட்டுவிட்டு வருகிறவரின் கையை ஒருநாள் இவர்கள் பார்க்க வேண்டும். கையில் இருப்பது மண்ணா என்பதே எனக்குச் சந்தேகம். நிறத்தைப் பார்த்தால் காபித்தூள். சரி, செடியாவது என்ன செடி? உறையூர்ப் பக்கம் ஒரு நர்சரிக்காரரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “வெண்டையா இருக்கலாம். இல்ல பூசணி. எதுவா இருந்தாலும் திருச்சி வெயில்ல இப்படி வெறுங்கையில வெச்சிருந்தா மத்தியானம் தாங்காது. சட்டுனு நடச் சொல்லுங்க” என்றார்.

அதுதான் விஷயமே. யாரும் அதை நடவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து ஏந்திக்கொண்டே நிற்கிறார்கள். அன்றைக்கும் ரெண்டு இலை, இன்றைக்கும் ரெண்டு இலை.

அடுத்த வம்பு அந்த ரெண்டு இலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரெண்டு இலையை வரைந்துவிட்டு வெறும் செடி என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலிலிருந்து அதற்கு ஓட்டு விழுந்துகொண்டிருக்கிறது. கீழே தாங்குவது கை. பின்னணியில் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும் என்று நிறுவனத் தலைவர் ஆசைப்படுவார், அதனால் ஒரு சூரியன், அதுவும் உதிக்கிற சூரியன். கை சூரியனோடு நின்றிருக்கிறது, இலையோடும் நின்றிருக்கிறது. மூன்றும் சேர்ந்து ஒரே மேடையில் நின்றது தொண்டு நிறுவன லெட்டர்பேடில் மட்டும்தான். தேர்தல் அறிவித்ததும் போன் வரும்: “சார், லோகோவுல கொஞ்சம் பிரச்சனை.” சூரியனை எடுத்துவிட்டு அமைதிக்கு ஒரு தாமரை போடலாமா என்பார்கள். வளத்துக்கு மாம்பழம்? எழுச்சிக்கு முரசு? எளிமைக்குப் பானை? ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றாக அவர்களே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நல்ல விஷயத்தைச் சொல்ல இந்த மாநிலத்தில் ஒரு சின்னம்கூட மிச்சமில்லை. ஒரு தடவை இலையை மூன்றாக்கிப் பார்த்தோம். வாடகை வாங்க வந்த வீட்டுக்கார மாமா திரையை எட்டிப் பார்த்தார். “ஏன்டாப்பா, ஸ்ரீரங்கத்துல உக்காந்துண்டு வில்வம் வரையறியே, திருவானைக்காவல்ல எடம் கிடைக்கலையா?” என்றார். துளசியாக மாற்றினோம். உடனே நிறுவனத்திலிருந்து, எல்லா மதத்தினருக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். பொதுவாக என்றால், வேறென்ன? ரெண்டு இலை.

இவர்களிடம் நான் சிவப்பு முக்கோணத்தைக் காட்டுவேன். 1960-களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக டி.கே. தியாகி என்ற அரசு அதிகாரி கொண்டுவந்தது. தலைகீழாக ஒரு முக்கோணம், சிவப்பு, தீர்ந்தது. கை கிடையாது, செடி கிடையாது. எந்த ஊர் பெயின்டரும் ஏணியில் நின்றபடி ஸ்கேல் இல்லாமல் போட்டுவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று புரியும். “நல்லாத்தான் இருக்கு சார், ஆனா நம்ம ஆபீஸ் வாசல்ல முக்கோணம் போட்டா அந்த ஆபரேஷன்னு நினைச்சுக்குவாங்களே” என்றார் ஒருவர். ஒரு சின்னம் இதைவிட வேறு எப்படி ஜெயிக்க முடியும்?

சின்னமே இல்லாமலும் காரியம் நடந்திருக்கிறது, இதே மாவட்டத்தில். தாண்டவம்பட்டி 2003-ல் திறந்தவெளியில் மலம் கழிக்காத கிராமமானது, கிராமாலயா அமைப்பின் முயற்சியில். முசிறியில் ஸ்கோப் நிறுவனம், பொதுக் கழிப்பறைக்கு வந்து போனவர்களுக்குக் காசு வாங்காமல் காசு கொடுத்தது. அதைவிட நல்ல விளம்பர வாசகத்தை நான் எழுதியதில்லை. ஸ்கோப்பின் சுப்புராமனுக்கு 2021-லும் கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-லும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கழிப்பறை என்ற ஒரு விஷயத்தையாவது யாரும் ரெண்டு கைக்கு நடுவில் வைக்கச் சொல்லமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னார். வரைந்தும் பார்த்தோம்.

இரண்டாம் விதி பணம் சம்பந்தமானது. “சர்வீஸ்தானே சார்” என்பார்கள். மண்டபக்காரரிடம் இதைச் சொல்லமாட்டார்கள். மைக் செட், பிரியாணி மாஸ்டர், சதுர அடிக் கணக்கில் காசு வாங்கும் ஃப்ளெக்ஸ் கடை, யாருக்கும் இது சர்வீஸ் இல்லை. கொட்டேஷன் அனுப்பினால், நாலு மாடல் அனுப்புங்க, பிடித்ததற்கு மட்டும் பணம் என்று பதில் வரும். கேட்டால் நாட்டையே உதாரணம் காட்டுவார்கள். ரூபாய்க் குறியீட்டுக்கே போட்டிதான் வைத்தார்கள், நம்ம ஊர் உதயகுமாருக்கு 2010-ல் ரெண்டரை லட்சம். தூய்மை இந்தியாவின் காந்தி மூக்குக்கண்ணாடிக்கும் போட்டிதான், கோலாப்பூர்க்காரர் ஒருவருக்கு ஐம்பதாயிரம். தோற்ற ஆயிரக்கணக்கான பேரும் எதைச் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கம்பெனிப் பணம் வந்தால் இன்னொரு கூத்து. சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் பில்லை நீட்டும்போது டிசைன் என்பது நிர்வாகச் செலவு, அந்தக் கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. நாங்கள் டிசைன் செய்த அதே புத்தகத்தைக் கம்பெனி அதிகாரி கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கும்போது அது திட்டத்தின் தாக்கம். கம்பெனி லோகோ மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும்.

1964-ல் லண்டனில் கென் கார்லண்ட் என்ற டிசைனர் ஓர் அறிக்கை வெளியிட்டார். டிசைனர்கள் தங்கள் திறமையையெல்லாம் பூனைத் தீனிக்கும் கோடு போட்ட பற்பசைக்கும் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள், உருப்படியான வேலைகளுக்குத் திரும்புங்கள் என்பது அதன் சாரம். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதைப் படித்துத்தான் நான் இந்த மாடிக்குக் குடிவந்தேன். பற்பசைக்காரன் முப்பது நாளில் செக் அனுப்புவான் என்பதை அந்த அறிக்கையில் எங்காவது ஓரத்தில் போட்டிருக்கலாம்.

மூன்றாம் விதிக்கு வந்துவிடுகிறேன். அதுதான் முக்கியமானது, இவ்வளவு நேரம் பேசியதே அதற்காகத்தான். ஆனால் இப்போது செயலாளர் மறுபடியும் கூப்பிடுகிறார். ஊர்வலம் முடிந்ததும் மேடையில் பாராட்டு இருக்கிறதாம். பொன்னாடை உண்டு, நன்றிச் சான்றிதழ் உண்டு, அதில் என் பேரும் உண்டு. “சான்றிதழ் டிசைன் மட்டும் நீங்க அனுப்பிடுங்க சார். காலைல எட்டு மணிக்குள்ள வேணும், பிரஸ்காரர் மெஷினை நிறுத்தி வெச்சிருக்கார். அவருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு.”